ஆறு வீடு, ஒரே சரிவு: அக்கம்பக்கத்தார் சேர்ந்து தோட்ட வேலை செய்வது எப்படி?

மலைச்சரிவு (சேட்ஸ்வொர்த்), 6 செப்டம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். ஒரு காரியத்தைத் தொடங்குமுன் இந்த இணைய மன்றத்தில் நாலு பேரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சேட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எங்கள் சந்தில் ஆறு வீடுகள். படிக்கட்டுபோல ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கும். மேலிருந்து மூன்றாவது வீடு எங்களுடையது. ஒவ்வொரு வீட்டின் பின்புறத்துக்கும் அடுத்த வீட்டின் முற்றத்துக்கும் நடுவில் ஒரு செம்மண் சரிவு. 2022 ஏப்ரலில் டர்பனை உலுக்கிய அந்தப் பெருமழையில் எங்கள் சரிவில் பாதி பெயர்ந்து, நான்காம் வீட்டின் அடுப்படிக் கதவில் போய் நின்றது. அந்த வீட்டு அம்மா எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. விடிந்ததும் ஆறு வீட்டாரும் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். நான்கு நாள் மண் அள்ளினோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் தவறு செய்தோம். அவரவர் பழுதை அவரவர் பார்த்துக்கொண்டோம். முதல் வீட்டார் சேறு வேண்டாம் என்று முற்றம் முழுக்கச் சிமெண்டு போட்டார்கள். அங்கே மண்ணில் ஊறிய தண்ணீரெல்லாம் இப்போது இரண்டாம் வீட்டுக்கு ஓடிவருகிறது. இரண்டாம் வீட்டார் வாய்க்கால் வெட்டி எங்கள் பக்கம் திருப்பினார்கள். நான் மணல் மூட்டை அடுக்கி ஓரமாகத் தள்ளினேன். அது அந்த அம்மாவின் கீரைப் பாத்தியை அரித்துக்கொண்டு போனது. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் மேல் வீட்டுத் தண்ணீர்தான் கீழ் வீட்டுச் சேறு. வேலி போட்டுவிட்டதால் ஆறு தோட்டம் என்று நினைத்துக்கொண்டோம். மழைக்கு அது ஒரே தோட்டம்.

அடுத்த மாதம் மழை பிடிக்குமுன் ஆறு வீட்டாரும் ஞாயிறுதோறும் ஒரு சரிவாகச் சேர்ந்து வேலை செய்யலாமா என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டாம், நான்காம் வீட்டார் உடனே சரி என்றார்கள். ஐந்தாம் வீட்டுத் தம்பி, ஞாயிறு அவருக்கு வேலை நாள் என்பதால், தன் பங்குக்குக் கூலி ஆள் அனுப்புவதாகச் சொன்னார். முதல் வீட்டார், "நாங்கள் உச்சியில் இருக்கிறோம், எங்களுக்கு இதில் என்ன?" என்று கேட்டார்கள். கடைசி வீட்டில் சூலு இனத்துப் பாட்டி ஒருவர் இருக்கிறார், தெருவே அவரைக் கோகோ, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடும். நான் அரை மணி நேரம் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "இது இலிமாதானே மகளே, எந்த ஞாயிறு என்று சொல்" என்றார். அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் வேலைக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர்.

முறை வைத்துச் செய்வதா, கணக்கில்லாமல் செய்வதா? கூலி ஆளை அனுப்புகிறவருக்கு என்ன பதில் சொல்வது? சரிவில் எதை நடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வரவு செலவு (பீனிக்ஸ்)

அக்கா, முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தெருவிலும் இப்படித்தான் ஆசையாகத் தொடங்கினோம். மாதம் ஒரு வீடு என்று பேச்சு. முதல் மூன்று வீட்டுக்குப் பத்துப் பேர் வந்தார்கள். நான்காவது வீட்டுக்கு ஆறு பேர். என் வீடு ஏழாவது. அன்று நானும் என் மனைவியும் மட்டும்தான் நின்றோம். மற்ற வீடுகளில் வேலி ஓரத்துப் புல்லை நான் வெட்டியது எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை; எனக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரோடு இன்றுவரை பேச்சில்லை.

யார் எத்தனை மணி நேரம் உழைத்தார், யாருக்கு எத்தனை மணி நேரம் பாக்கி என்று எழுதி வைத்தால் மனக்கசப்புக்கு இடமில்லை. நட்பு நீடிக்க வேண்டுமானால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

மேர்பேங்க் ஆயா

தம்பி, உனக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் நோட்டுப் புத்தகம் மருந்தில்லை.

1998இல் என் வீட்டுக்காரர் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். அந்தப் பருவத்தில் அவரை நடக்கக் கைப்பிடித்துப் பழக்குவேனா, தோட்டத்தில் பீன்ஸ் விதைப்பேனா? ஒரு நாள் காலையில் பின்கதவைத் திறக்கிறேன், டபுள் பீன்ஸ் பந்தல் முழுக்கக் கட்டி, விதை ஊன்றி, தண்ணீரும் ஊற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் விடியுமுன் வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார். நான் புத்தி கெட்டுப்போய் ஒரு உறையில் பணம் வைத்துக் கொடுத்தேன். பதினைந்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்தப் பதினைந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் பெரியவர்கள் ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். வேலிக்கு மேலே வந்த தட்டு வெறுந்தட்டாகத் திரும்பக்கூடாது. கொத்தமல்லி வந்தால் நாலு பச்சைமிளகாய் போகும், சௌசௌ வந்தால் இரண்டு மடும்பி (சேப்பங்கிழங்கு) போகும். எத்தனை கிராம் என்று யார் நிறுத்துப் பார்த்தார்கள்? தட்டு காலியாக இல்லையே, அது போதும்.

தாமிரபரணி (டர்பன்)

ஆயாவும் அண்ணனும் சொல்வது இரண்டுமே சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் நெல்லைப் பக்கத்திலிருந்து மூன்று ஆண்டு முன்பு வேலைக்காக இங்கே வந்தவன். எங்கள் ஊரில் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் மாற்றாள் போவது உண்டு. இன்று நான் உன் வயலுக்கு, நாளை நீ என் வயலுக்கு. என் அம்மா எழுத்து வாசனை அறியாதவர். யார் வீட்டுக்கு எத்தனை நாள் போனோம், யார் வீட்டிலிருந்து எத்தனை நாள் வரவேண்டும் என்று ஒரு நாள் பிசகாமல் சொல்வார்.

ஆனால் அந்தக் கணக்கில் மூன்று விஷயம் கவனித்திருக்கிறேன். நாளுக்கு நாள்தான், வேலைக்கு வேலை இல்லை. கிழவி செய்த ஒரு நாளும் இளவட்டம் செய்த ஒரு நாளும் ஒன்றே. நோயில் விழுந்தவரிடம் பாக்கி கேட்பதில்லை. பாக்கியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கடன்பட்டவர்தான் முதலில் வந்து "நாளைக்கு நான் வரட்டுமா?" என்று கேட்க வேண்டும். கணக்கு உண்டு, ஆனால் கொடுத்தவர் கையில் இல்லை, வாங்கியவர் மனதில் இருக்கிறது.

ஸ்பிரிங்ஃபீல்ட் பேரன்

எனக்கு வயது எழுபத்து நான்கு. இந்த இழையைப் படித்தபோது தாத்தா கண்முன் வந்து நின்றார், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த நம் முன்னோர் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, உம்கேனி ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் குத்தகை. எல்லாம் கையால் செய்யும் வேலை, ஆற்றிலிருந்து தோளில் தண்ணீர். நாற்று நடும் நாளில் நாலு குடும்பம் சேர்ந்தால்தான் வெயில் ஏறுமுன் முடியும். விடியற்காலைச் சந்தைக்கு ஒரே வண்டியில் நாலு வீட்டு மூட்டையும் போகும்.

1917 அக்டோபரில் ஆறு பெருகி அந்தத் தாழ்நிலத்தையே விழுங்கியது. கூரையிலும் மரத்திலும் தொற்றிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் படகோடு இறங்கியவர்கள் படவாட்டான் அறுவர் என்று பேர்பெற்ற மீனவர் குழு, ஆறு பேர். வலை இழுத்துப் பிழைத்தவர்கள். அந்த வெள்ளத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள் என்பது டர்பன் வரலாற்றில் பதிவான செய்தி. தாத்தா அப்போது சிறுவர். "ஆறு பேர், ஒரு படகு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு 1950இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. அறுபதுகளில் எங்களைப் பிடுங்கிச் சேட்ஸ்வொர்த்தில் நட்டார்கள். வீட்டை இழந்ததைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டை இழந்ததைப் பற்றிப் பேசுவது குறைவு. மூன்று தலைமுறையாகச் சேர்ந்து நாற்று நட்ட நாலு குடும்பம் நாலு பகுதிக்குச் சிதறியது. புது வீட்டின் இடப்பக்கத்தில் கேட்டோ மேனரிலிருந்து வந்தவர், வலப்பக்கத்தில் மேகசின் பாரக்ஸிலிருந்து வந்தவர். முகம் தெரியாது. முன்னால் வெறும் வெட்டுண்ட மண், ஒரு புல் இல்லை. என் அம்மா கூடவே கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்றை நட்டார். அடுத்த ஆண்டு அதன் வேரில் கிளைத்த கன்றுகளை இரண்டு பக்கமும் கொடுத்தார். அந்தச் சந்தில் முதல் பேச்சு அதிலிருந்துதான் தொடங்கியது. நான் பார்த்தவரை, அந்தத் தெருவில் ஏழு வீட்டுக் கறிவேப்பிலைக்கு எங்கள் மரம்தான் தாய்.

அம்மா, உங்கள் ஆறு வீட்டாரும் மண்வெட்டியோடு வந்து நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

மலைச்சரிவு (சேட்ஸ்வொர்த்)

ஐயா, உங்கள் பதிவை நான்காம் வீட்டு அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவரும் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

தாமிரபரணித் தம்பி சொன்ன முறையை எடுத்துக்கொள்கிறோம். நாளுக்கு நாள், நோட்டுப் புத்தகம் கிடையாது. சனிக்கிழமை புரட்டாசி விரதம், பூஜை இருப்பதால் ஞாயிறு காலை ஆறரை முதல் பதினொன்று வரை. இப்போது நடவு பற்றியும் கூலி ஆள் பற்றியும் சொல்லுங்கள்.

மண்புழு (டொங்காட்)

வெட்டிவேர். வேறெதையும் யோசிக்காதீர்கள் அக்கா. உலகமெங்கும் மண்ணரிப்பைத் தடுக்க நடும் புல்லுக்கு நம் தமிழ்ப் பெயர்தான் வழங்குகிறது. வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழே மூன்று மீட்டர் வரை இறங்கும். தென்னிந்திய வகை முளைக்கும் விதை தராது, ஆகவே அடுத்த வீட்டுக்குக் களையாகப் போகாது. தூரைப் பிரித்துத்தான் பெருக்க முடியும்.

செய்முறை இது. ஒரு தூரிலிருந்து இரண்டு மூன்று தண்டு சேர்ந்தாற்போலப் பிரியுங்கள். இலையை ஒரு சாணுக்கும், வேரைப் பத்து செண்டிமீட்டருக்கும் கத்தரியுங்கள். 15 செண்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நடுங்கள். இடைவெளி விட்டால் அந்தச் சந்தில்தான் தண்ணீர் புகுந்து அறுக்கும். மிக முக்கியம்: வரிசை சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போக வேண்டும். கண்ணளவை ஏமாற்றும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க்குழாய் மட்டத்தை இரவல் வாங்குங்கள், இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்தால் போதும். 12 மீட்டர் அகலத்துக்கு ஒரு வரிசை என்றால் 80 தூர் வேண்டும். நிழலில் வளராது, மேலே மரம் கவிந்திருந்தால் கிளை கழிக்க வேண்டும்.

முதல் வீட்டாருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அவர்கள் கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் மழையிலேயே 2500 லிட்டர் ஜோஜோ தொட்டி (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) நிறைந்துவிடும். 2022 ஏப்ரலில் பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படியானால் ஒரு கூரையிலிருந்து மட்டும் 30,000 லிட்டர். தொட்டி வெள்ளத்தைத் தடுக்காது, ஆனால் நிரம்பி வழிவதைக் குழாய் போட்டுத் தெரு மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோக வழி செய்யும். கழிவுநீர்க் குழாயில் மட்டும் இணைத்துவிட வேண்டாம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டி வைத்திருந்த இரண்டு வீடுதான் தெருவுக்கே குடம் நிரப்பியது. "எங்களுக்கு என்ன?" என்று கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

பச்சைமிளகாய் (கிராஸ்மூர்)

சரிவில் மடும்பி நடலாமா? எங்கள் பக்கம் குரங்குக் கூட்டம் மாங்காய், பப்பாளி, சோளம் எதையும் விட்டுவைப்பதில்லை. மடும்பியை மட்டும் தொடாது.

மண்புழு (டொங்காட்)

சரிவில் வேண்டாம். ஒவ்வோர் அறுவடைக்கும் தோண்ட வேண்டியிருக்கும், மண் இளகிவிடும். சரிவின் அடியில் ஈரம் தங்கும் இடத்தில் நடுங்கள், நன்றாக வரும். இன்னொன்று, சரிவு ஏற்கெனவே வெடித்திருந்தாலோ ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக இருந்தாலோ புல் போதாது. தாங்குசுவர் பொறியாளர் வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலை அல்ல.

வியாழக்கிழமை (வெஸ்ட்கிளிஃப்)

கூலி ஆள் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

நம்மில் பல வீடுகளுக்கு வாரம் ஒரு நாள் உம்லாசியிலிருந்தோ வேறெங்கிருந்தோ ஒருவர் புல் வெட்ட வருகிறார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர் பதினோரு ஆண்டாக வியாழக்கிழமை வருகிறார். எங்கள் மண்ணை என்னைவிட நன்றாக அறிந்தவர். "அக்கம்பக்கம் சேர்ந்து செய்கிறோம்" என்று அவரை நிறுத்திவிட்டால் அது அவர் பிள்ளைகளின் சாப்பாட்டில் கைவைப்பது. அதை ஒற்றுமை என்று பெயரிட எனக்கு மனம் வராது.

ஆகவே ஐந்தாம் வீட்டுத் தம்பி ஆள் அனுப்புவதில் எனக்குக் குறை இல்லை, முறையாக அனுப்பட்டும். 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தாலும் நான்கு மணி நேரக் கூலி தர வேண்டும், அந்த 2025 கணக்கில் 115.16 ராண்ட். அது அடிமட்டம், சரிவில் மண் வெட்டுகிறவருக்கு அதற்கு மேல் கொடுக்க வேண்டும், பஸ் காசு தனி. 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, வீட்டு வேலை செய்கிறவருக்கு வேலையில் அடிபட்டால் இழப்பீடு பெறும் உரிமை உண்டு. தோட்ட வேலையும் அதில் அடங்கும்.

இன்னும் ஒன்று. பதினொரு மணிக்கு எல்லாரும் சாப்பிட உட்காரும்போது அவரும் அதே மேசையில், அதே தட்டில் சாப்பிட வேண்டும். தோட்டக்காரருக்கென்று பின்கட்டில் தனி எனாமல் கோப்பை வைத்திருந்த வீடுகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். என் அம்மா வீட்டிலும் இருந்தது. எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

மரக்கிளை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மரம் கழிப்பது என் தொழில். கிளை கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் இரண்டு எச்சரிக்கை.

ஆறு வீட்டுக்கும் ஒரே ரம்பத்தைக் கொண்டுபோகாதீர்கள். அப்படிக் கொண்டுபோனால் ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் துடைத்து, மருந்துச் சாராயம் தடவுங்கள். மரத்தைத் துளைக்கும் ஒரு சிறு வண்டு 2017இல் எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில்தான் இந்நாட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. எள்ளளவுதான், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். தன்னோடு ஒரு பூஞ்சையைக் கொண்டுபோய் மரத்துக்குள் வளர்த்து மரத்தையே சாய்த்துவிடும். அவகாடோவிலும் ஏறும். பட்டையில் ஊசிமுனைத் துளையும் சுற்றிக் கறையும் தெரிந்தால், அந்தக் கட்டையை விறகுக்கென்று அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது. வெட்டிய இடத்திலேயே சிறு துண்டாக்கி, கனமான பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடி வெயிலில் வேகவிடுங்கள்.

இரண்டாவது, ஏணி. சரிவில் ஏணி வைத்து மாமரம் ஏறாதீர்கள். பக்கத்து வீட்டாருக்கு உதவப்போய் விழுந்து இடுப்பொடிந்த ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு குடும்பமும் இன்றுவரை அதிலிருந்து மீளவில்லை. மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் உள்ள கிளைக்கு ஆள் வையுங்கள், ஆறு வீடும் பங்கு போடுங்கள்.

மேர்பேங்க் ஆயா

சாப்பாட்டை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். புரட்டாசி, ஆகவே ரொட்டியும் காய்ந்த பீன்ஸ் கறியும், மாங்காய் ஊறுகாயும். எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பண்டம் வரட்டும். முதல் வீட்டுக்கு முதலில் போய்க் கூப்பிடுங்கள். வர மனமிருந்தும் கூச்சப்படுகிறவர்கள் உண்டு.

மலைச்சரிவு (சேட்ஸ்வொர்த்), 5 அக்டோபர்

இன்று முதல் ஞாயிறு. எங்கள் சரிவுக்கும் நான்காம் வீட்டுச் சரிவுக்கும் இரண்டிரண்டு வரிசை, மொத்தம் 320 தூர். இரண்டாம் வீட்டார் பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியில் போய் வெட்டிவேர் கொண்டுவந்தார்கள். தண்ணீர்க்குழாய் மட்டம் வைத்துப் பார்த்தபோது, நான் கண்ணளவில் போட்ட கயிறு ஒரு முனையில் ஒரு முழம் தாழ்ந்திருந்தது. மண்புழுத் தம்பிக்கு நன்றி, அப்படியே நட்டிருந்தால் தண்ணீரைக் கூட்டி ஒரே மூலையில் கொட்டியிருப்போம்.

ஐந்தாம் வீட்டுத் தம்பி 250 ராண்டும் பஸ் காசும் கொடுத்து, வழக்கமாக வரும் ஐயாவை அனுப்பினார். வரிசைக்குப் பின்னால் மண்ணை மிதித்து இறுக்க வேண்டும் என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். கோகோ நாற்காலி போட்டு உட்கார்ந்து தூர் பிரித்தார். அவர் கை வேகத்துக்கு எங்களால் நட முடியவில்லை. எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெட்டிய புல்லும் செடியும் எட்டு நீலப் பை நிறைந்தது.

முதல் வீட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. அவர் மகள், பதினாறு வயது, கையுறையோடு வந்து பதினொரு மணிவரை நின்றாள்.

வரவு செலவு (பீனிக்ஸ்)

படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது அக்கா. எங்கள் தெருவில் நான் பேசாமலிருந்த இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்கு, போன ஞாயிறு புல்வெட்டும் இயந்திரத்தோடு போனேன். ஏழாண்டு ஆகிவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, தேநீர் கொண்டுவந்தார்.

மலைச்சரிவு (சேட்ஸ்வொர்த்), 27 அக்டோபர்

தீபாவளிப் பலகாரத் தட்டுகள் ஆறு வீட்டுக்குள்ளும் சுற்றி முடியுமுன் நேற்று இரவு நல்ல மழை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். எங்கள் மேல் வரிசையில் முப்பது தூர் போல அடித்துக்கொண்டு போய்விட்டது. சிமெண்டு முற்றத்துத் தண்ணீர் இறங்கும் மூலை அது. மற்ற மூன்று வரிசையும் நிற்கிறது. நான்காம் வீட்டு அடுப்படி வாசலில் சேறு இருந்தது, ஆனால் விளக்குமாற்றால் தள்ளும் அளவுதான்.

காலை ஏழு மணிக்கு முதல் வீட்டார் தாமாக இறங்கி வந்து அந்த மூலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் கூரைத் தண்ணீருக்கு எத்தனை லிட்டர் தொட்டி வேண்டும் என்று கேட்டார். மண்புழுத் தம்பி எழுதியதைக் காட்டினேன். தொட்டிக்கு மேடை கட்ட எங்கள் கை வேண்டும் என்றார்.

வருகிற ஞாயிறு 2ஆம் தேதி காலை ஆறரைக்கு முதல் வீட்டில் கூடுகிறோம். முப்பது தூரும் அன்றே நட்டுவிடுவோம். நான்காம் வீட்டு அம்மாவின் மண்வெட்டிப் பிடி ஆடுகிறது. அதை இரண்டாம் வீட்டார் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள்.